பிளசருக்கு அடியில் விரித்த பேப்பர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாவதோடு நின்றவள். பேச்சும் குறைவு. போன மாதம் நம் தெருப் பெண்கள் நாலைந்து பேர் கூடி, அவரவர் அப்பா எதனால் வெளிநாடு போனார் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தியின் அப்பா அக்கா கல்யாணத்துக்காகப் போனார். இன்னொருத்தியின் அப்பா ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் போனார். என்னைக் கேட்டபோது "எல்லாரையும் போலத்தான்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

எல்லாரையும் போல இல்லை. என் அப்பா இரண்டாவது தடவை போனது ஒரு காரிலிருந்து ஆயில் சொட்டியதால். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட டெலிபோன் பூத் வந்த சமயம் அது. ஞாயிற்றுக்கிழமை அதன் வாசலில் அம்மாமார்கள் வரிசையில் நிற்பார்கள். நம் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆண் வெளியே. என் அப்பா மட்டும் திரும்பி வந்திருந்தார். சவுதியில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். வரும்போது ஒரு ஸ்பானர் செட்டும், சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகத் தைத்த நீல உடுப்பும் கொண்டுவந்தார். அந்த உடுப்பைப் பார்த்து ஊர் அவரை மெக்கானிக் என்றது. அங்கே அவர் பெரும்பாலும் வண்டி கழுவினார், ஆயில் மாற்றினார். ஊர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அப்பா வந்த பிறகு எங்கள் வீட்டில் சத்தம் மாறியது. காலையில் ஆண் குரல் இருமும். அம்மா அடுப்படியிலிருந்து சும்மாவே எதையாவது கேட்பாள், பதில் வருகிறதா என்று பார்ப்பதற்காக. எனக்கு அது போதும். அவர் போகக் கூடாது. அந்த வயதில் எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை.

பெரிய வீட்டு ஐயா ஆள் விட்டு அப்பாவைக் கூப்பிட்டது ஆடியில். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்து, செத்தையும் நுரையுமாக ஓடிக்கொண்டிருந்தது. நம் தெரு முழுக்க ஒரு காலத்தில் ஐயா வீட்டு நிலத்தில்தான் வேலை செய்தது. அப்போது பாதி நிலம் விற்றாகிவிட்டது. பிள்ளைகள் அமெரிக்காவில். ஐயா மெட்ராஸிலும் ஊரிலுமாக இருந்தார். அப்பாவோடு நானும் போனேன். நாங்கள் நின்றது தோட்டத்துப் பக்கம்.

"வாப்பா" என்றார் ஐயா.

வெளிநாடு போவதற்கு முன்னால் அது "வாடா"வாக இருந்தது. அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முதலில் சொன்னதே அதைத்தான்.

ஐயாவுக்குத் தையில் அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில். பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். தன் அப்பா வைத்திருந்த பிளசரில்தான் கோயிலுக்குப் போய் இறங்க வேண்டும் என்று ஐயாவுக்கு ஆசை. கார் என்ற சொல்லே அந்த வீட்டில் கிடையாது. பிளசர்தான். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. ரோட்டடி நெல் குடோனில் பல வருஷமாகக் கிடந்தது.

"பழைய மாதிரி ஆக்கிக் குடு. அந்தக் குடோன் சும்மாத்தானே கிடக்கு? நீயே வெச்சுக்க. ரோட்டு மேல இருக்கு. ஒர்க்‌ஷாப் போட்டின்னா நீ ஏன் இன்னொரு தடவ கடல் தாண்டணும்?"

அப்பா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு. ஒரு சொட்டு ஆயில் கீழ விழக் கூடாது. போர்ட்டிகோவுல கோலம் போட்டு நிறுத்துற வண்டி. மங்கல நாளு. எங்கப்பா காலத்துல ஒரு சொட்டு விழுந்து நான் பாத்ததில்ல."

"பண்ணிடலாங்கய்யா."

வரும் வழியில் அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

குடோனைத் திறந்ததும் வௌவால் நாற்றம். நெல் சுணை பறந்து கழுத்தெல்லாம் அரித்தது. வண்டி கறுப்பு. மேலே பதர் ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. சீட்டைக் கிழித்து எலி குட்டி போட்டிருந்தது. முன்னால் வளைந்த கம்பியை விட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். மூக்கு நீண்ட பித்தளை எண்ணெய்க் குப்பி ஒன்று கதவுப் பையில் கிடந்தது. அழுத்தினால் டக் டக் என்று கொக்கு மாதிரிக் கத்தும். அதை எனக்கு விளையாடக் கொடுத்தார். பிறகு யார் எடுத்துப் போனார்களோ தெரியாது.

ஓட வைப்பது அவருக்குச் சிரமமாக இருக்கவில்லை. பெட்ரோல் டேங்க்கைக் கழுவினார். பிளக்கைத் தேய்த்தார். வயரெல்லாம் மாற்றினார். ஆவணி முடிவதற்குள் வண்டி ஒரு நாள் குலுங்கி, வெடித்து, ஓட ஆரம்பித்துவிட்டது. தெருவே ஓடி வந்தது. அம்மா நடவு வயலிலிருந்து கால் சேற்றோடு வந்தாள்.

"என்னங்க, சத்தத்துக்கே பாதி ஊரு செவிடாயிடும் போல?"

"பின்னாடி ஏறி ஒக்காரு புள்ள."

"எலி பெத்த எடத்துலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அன்றைக்குத்தான் அவர் அந்தக் குழாயைப் பார்த்தார். என்ஜின் பக்கவாட்டிலிருந்து கட்டை விரல் கனத்தில் ஒரு குழாய் கீழே இறங்கி, வாய் திறந்து தொங்கியது. அதிலிருந்து ஆயில் வாடையோடு லேசாகப் புகை வந்தது. சவுதியில் அவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், திறந்த வாய் எதுவானாலும் மூடு, மணல் போனால் என்ஜின் போச்சு என்பது. இங்கே மணல் இல்லை, பதர் இருக்கிறது. பூவரசங் கட்டையைச் சீவி, துணி சுற்றி, அந்தக் குழாய் வாயில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். அழகான வேலை. இழுத்தாலும் வராது.

"இனிமே தூசி போவாது" என்றார்.

பிறகு ஆரம்பித்தது.

முதலில் என்ஜின் தலையில் இருக்கும் மூடியின் ஓரத்தில் கசிந்தது. அப்பா மூடியைக் கழற்றினார். அதற்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கிற தக்கை பேக்கிங் அப்பளம் மாதிரி நொறுங்கியது. புதுத் தக்கை வெட்டிப் பசை தடவிப் போட்டார். மூடி ஓரம் நின்றது. பக்கவாட்டுத் தகட்டில் வந்தது. அதையும் மாற்றினார். முன்பக்கம் வந்தது. அதைச் சரி செய்தால் அடியில் ஆயில் நிற்கிற சேம்பர் ஓரமெல்லாம் ஈரம்.

சாயங்காலம் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்துவார். அடியில் பேப்பர் விரிப்பார். காலையில் நான் எழுந்ததும் முகம் கழுவாமல் ஓடிப் போய் அந்தப் பேப்பரைப் பார்ப்பேன். கறுப்பு வட்டம் வட்டமாக இருக்கும். வட்டத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு ஓரம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கரும்பலகையில் வட்டம் போட்டால்கூட எனக்கு எரிச்சல் வரும்.

"எப்படி இருக்கு?" என்பாள் அம்மா.

"இருக்கு."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தக்கை வாங்க அப்பா தஞ்சாவூர் போனார். என்னையும் கூட்டிப் போனார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணே, இது கடைக்கு வர வேண்டிய கேஸ் இல்ல. அரண்மனை மியூசியத்துக்குப் போங்க. பக்கத்துலதான்."

"பேக்கிங் செட் எதுவும் இல்லீங்களா?"

"இருந்தா நானே அந்த வண்டிய வாங்கி ஓட்டுவேன். தக்கை ஷீட்டு தரேன். வெட்டிப் போட்டுக்குங்க. டைட் பண்ணா நிக்கும்."

டைட் பண்ணா நிக்கும். அதுதான் அப்பாவுக்குக் கிடைத்த மந்திரம். பஸ்ஸில் தக்கை ஷீட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வந்ததும் டைட் பண்ணினார். நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். ஒரு போல்ட் தலை கையோடு வந்துவிட்டது. சேம்பர் ஓரம் வளைந்தது. வளைந்த இடத்தில் இன்னும் அதிகமாக வந்தது. அதைக் கழற்றி, பலகையில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, மறுபடி மாட்டினார். புரட்டாசி முழுக்க இதேதான்.

ஆயில் அளவு பார்க்க ஒரு கம்பி உண்டு. என்ஜினுக்குள் செருகி இருக்கும். வண்டி ஓடும்போது அந்தக் கம்பி தானாக மேலே எழும்பி வரும். உள்ளே இருந்து யாரோ தள்ளுகிற மாதிரி. அப்பா அதை அழுத்தி விடுவார். மறுபடி வரும். கடைசியில் கட்டுக்கம்பி வைத்து அதை இறுக்கிக் கட்டிவிட்டார்.

இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கம்பி வாய் விட்டுச் சொன்னது. அதன் வாயையும் கட்டினார்.

அவரிடம் அந்த நாட்களில் பேச முடியாது. சாப்பிடும்போது விரலெல்லாம் கறுப்பாக இருக்கும். மண்ணெண்ணெய் வாடை குழம்பில் ஏறும். ஒரு நாள் ஸ்பானரை விட்டெறிந்தார். அது குடோன் தகரத்தில் பட்டு, ரோட்டில் போன சைக்கிள்காரர் இறங்கி எட்டிப் பார்த்தார்.

"என்ன மெக்கானிக்கு, வண்டியோட சண்டையா?"

"போய்யா வேலயப் பாத்துக்கிட்டு."

ஐப்பசி தொடக்கத்தில் பாய் வந்தார். திருவாரூரில் டிராவல்ஸ் வைத்திருந்தவர். முதல் தடவை அப்பாவை அனுப்பியதும் அவர்தான். நல்ல மனிதர். எனக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். வீட்டு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"தம்பி, துபாய்ல ஒர்க்‌ஷாப். வண்டி கழுவுற வேலதான், ஆனா இருக்க எடம் நல்லா இருக்கும். பொங்கலுக்குள்ள ஒரு வார்த்த சொல்லணும். அதுக்கு மேல சீட்ட நிறுத்தி வெக்க முடியாது."

"இங்கயே ஒர்க்‌ஷாப் வருது பாய்."

"வந்தா சந்தோசம். என் மவனையும் அங்கேருந்து கூப்பிட்டு உங்ககிட்ட வேலைக்கு விட்டுடுறேன். நானும் அவன் மொகத்தப் பாக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மழை பிடித்தது. எங்களுக்கு இருந்த சின்ன வயலில் சம்பா பச்சை கட்டி நின்றது. ஒரு நாள் பகலில் வரப்பு உடைந்தது என்று ஆள் வந்து சொன்னார்கள். அப்பா மண்வெட்டியோடு ஓடினார். நானும் அம்மாவும் பின்னால் போனோம். மழை ஊசி மாதிரி குத்தியது. அப்பா ஒரு உடைப்பை மண் வைத்து அடைத்தார். நாலடி தள்ளி இன்னொன்று உடைந்தது. அதை அடைத்தார். அந்தப் பக்கம் போனது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலின் தாழ்ந்த மூலைக்குப் போனாள். அங்கே வடிகால் வாயில் எவனோ மீன் பிடிக்க மண் அணை போட்டு, கூடை வைத்திருந்தான். அம்மா கூடையைப் பிடுங்கி எறிந்து, மண்ணைக் காலால் எட்டி உதைத்தாள். தண்ணீர் ஹோ என்று இறங்கியது. அப்புறம் ஒரு வரப்பும் உடையவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பித்தாள்.

"உடைஞ்ச எடத்தையே அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்களே. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், வடிகால் அடைச்சா வரப்பு உடையும்னு. உங்க புத்தி அந்த வண்டிக்கிட்ட போயிடுச்சு. அங்கயும் அதேதான. இங்க அடை, அங்க அடை..."

அப்பாவின் கை சோற்றில் நின்றது.

"அதுக்கு வடிகால் ஏது?" என்றார்.

"என்னக் கேட்டா?"

அவர் அம்மாவைக் கேட்கவில்லை. அப்படியே எழுந்து, கை கழுவாமல், மழையில் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். குடோனில் வண்டிக்கு அடியில் படுத்து, அந்தப் பூவரசங் கட்டையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அவர் அடித்த கட்டை அவருக்கே வரவில்லை. கடைசியில் குழாயையே கழற்றி, நெருப்பில் காட்டிக் கட்டையை எரித்து எடுத்தார். கட்டுக்கம்பியையும் அறுத்தார். வண்டியைக் கிளப்பினார். குழாய் வாயில் புகை வந்தது. அளவுக் கம்பி அசையாமல் நின்றது.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் புகை போக வழி இல்லாமல்தான் உள்ளே முட்டி, ஆயிலை ஒவ்வொரு ஓரத்திலும் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. குழாயை அடைத்தது அவர். பருவம் பூராவும் அதை எதிர்த்து வேலை செய்ததும் அவர்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

சொல்லவில்லை. அம்மாவுக்குத் தானாகவே தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் அடுத்த நாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

எல்லா ஓரத்துக்கும் புதுப் பேக்கிங் போட்டார். இந்தத் தடவை அளவாக முறுக்கினார். பேப்பர் விரித்தார். காலையில் நான் ஓடினேன். பேப்பர் வெள்ளையாக இருந்தது. நடுவில் மட்டும், என்ஜினின் பின்பக்கத்துக்கு நேர் கீழே, ஒரே ஒரு கறுப்பு வட்டம்.

அந்த ஒன்று நிற்கவில்லை. கார்த்திகை முழுக்க நிற்கவில்லை. அப்பா என்ஜினை வண்டியிலிருந்து கீழே இறக்கினார். பின்பக்கத்தைப் பிரித்தார். பிரித்துவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பேக்கிங் போட இடமே இல்லை. சுற்றுகிற தண்டில் திருகு மரை மாதிரி வெட்டு இருந்தது. ஓடும்போது அது ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும். நின்ற பிறகு கொஞ்சம் கீழே விழும். செய்தவன் அப்படித்தான் செய்திருக்கிறான்.

"அப்ப ஐயா அப்பா காலத்துல எப்படி விழாம இருந்துச்சு?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

அதற்குப் பதில் மார்கழியில் வந்தது. அந்தக் காலத்தில் பிளசரை ஓட்டிய டிரைவர் நம் தெருக்காரர். எப்போதோ இறந்துவிட்டார். அவர் மனைவியை நான் அத்தை என்பேன். வேதாரண்யத்தில் மகள் வீட்டில் இருந்தாள். மழையில் இங்கிருந்த தன் வீட்டு ஓடு சரிந்துவிட்டது என்று பார்க்க வந்தவள், குடோன் பக்கம் எட்டிப் பார்த்தாள். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடியில் விரித்திருந்த பேப்பரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னும் இது மூத்திரம் போறத நிறுத்தலயா?"

அப்பா நிமிர்ந்தார்.

"சொட்டுமாக்கா அப்ப?"

"சொட்டாமயா? வண்டி நின்ன ஒடனே எங்க வீட்டுக்காரரு தகரத் தட்டுல உமியப் போட்டு அடியில தள்ளிடுவாரு. அதையும் மீறி விழுந்தத, விடியறதுக்கு முன்னாடி போயி சாம்பல் போட்டுத் தேச்சவ நானு. எண்ணெ ஊறுன உமி அடுப்புக்கு என்னமாப் பிடிக்கும் தெரியுமா? அது ஒண்ணுதான் எனக்கு லாபம்."

"ஐயா பாத்ததே இல்லங்கிறாரு."

"அவரு எந்திரிக்கிறப்ப தரை பளபளன்னு இருக்கும். எங்கேருந்து பாப்பாரு? யாருகிட்டயும் சொல்லாதன்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு. வண்டி ஒழுகுதுன்னா டிரைவருக்குத்தான கெட்ட பேரு?"

அத்தை தன் வீட்டுப் பரணிலிருந்து அந்தத் தட்டையே தேடிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஓரம் மடித்த சதுரத் தட்டு. துரு ஏறி இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்த சண்டையை நான் வாசலில் உட்கார்ந்து கேட்டேன்.

"தட்டு வெச்சா முடிஞ்சுது. வெடியறதுக்குள்ள நான் போயி தேச்சுட்டு வந்துடுறேன். யாருக்குத் தெரியப் போவுது?" இது அம்மா.

"தெனம் போவியா?"

"தெனம் போறேன். வண்டி அங்க நிக்கிற மட்டும் போறேன். உங்களுக்கு என்ன?"

"அதுக்கா நான் இத்தன நாளு அதுக்கு அடியில படுத்துக் கெடந்தேன்? எம் பொண்டாட்டி அவங்க வாசல்ல உக்காந்து தேய்க்கவா?"

"ரோசத்த வெச்சு நான் என்ன பண்ண? எனக்குப் புருசன் ஊர்ல இருக்கணும்."

நானும் அம்மா பக்கம்தான். ஒரு தட்டு. கொஞ்சம் உமி. அதற்கு என்ன?

வண்டியைப் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோன அன்று தெருவே பின்னால் வந்தது. அப்பா நீல உடுப்பு போட்டிருந்தார். பாலிஷ் போட்ட கறுப்பில் வாழை மரமெல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. போர்ட்டிகோவில் சிவப்பு சிமென்ட் தரை. ஐயா வெளியே வந்து, வண்டியின் மூக்கைத் தடவி, கண் கலங்கினார். உண்மையாகவே கலங்கினார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

"எங்கப்பா வந்து எறங்குற மாதிரியே இருக்குப்பா."

பிறகு உள்ளே குரல் கொடுத்து ஒரு பேப்பர் கொண்டுவரச் சொன்னார். அவரே குனிந்து வண்டிக்கு அடியில் விரித்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து அமெரிக்காக்காரர்கள் எப்போது வருகிறார்கள் என்றெல்லாம் பேசினார். கேட்டுக்கு உள்ளே குரோட்டன்ஸ் செடி ஓரம் அம்மா நின்றாள். இடுப்பில் துண்டு மூடிய தட்டு. அப்பா அவளைப் பார்த்தார். தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம்.

ஐயா குனிந்தார். பேப்பரை இழுத்துப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

இன்னும் கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று கேட்கச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். அப்பா கேட்கவில்லை.

"அது நிக்காதுங்கய்யா. மத்ததெல்லாம் நின்னுடுச்சு. இந்த ஒரு எடத்துல பேக்கிங்கே கெடையாதுங்க. என்ஜின் செஞ்சதே அப்படி."

"எங்கப்பா காலத்துல விழுந்ததில்லன்னு சொன்னேனே?"

"அப்பவும் விழுந்துதுங்கய்யா. டிரைவரு தட்டு வெச்சாரு. அவரு சம்சாரம் விடியுமுன்ன வந்து தேச்சுது. நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள தொடச்சிடுவாங்க."

செடியில் தேன்சிட்டு ஒன்று கத்திக்கொண்டிருந்தது. ஐயாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு ஏதோ. வீட்டில் தெரியாத அறை ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி.

"எங்க வீட்டப் பத்தி எனக்கே சொல்றியாடா?"

அப்பா நின்றார்.

"வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எங்கப்பா வண்டிய ஒழுகல் வண்டிங்காத. சவுதிக்குப் போனவன்னு நம்பிக் குடுத்தேன் பாரு."

அப்பா குடோன் சாவியை உடுப்புப் பையிலிருந்து எடுத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தார். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அம்மாவைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை.

"ஒரு வார்த்த. டைம் குடுங்கன்னு ஒரு வார்த்த வரல உங்க வாயில" என்று அம்மா வழி நெடுக அழுதுகொண்டே வந்தாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. நேராக டவுன் பஸ் ஏறி, பூத்திலிருந்து பாய்க்குப் போன் செய்துவிட்டு வந்தார்.

பொங்கல் கழிந்து போனார். நீல உடுப்பைத் துவைத்துப் பையில் வைத்தது அம்மா. பஸ் வந்ததும் என் தலையைத் தொட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் செய்தது சரி என்று இப்போது பல பேர் சொல்வார்கள். நீங்களும் சொல்லலாம். எனக்கு இந்த வயதிலும் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் நான் வளர்ந்ததெல்லாம் டெலிபோன் பூத்தில்தான். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." மேலே கண்ணாடிப் பெட்டிக்குள், காசு எவ்வளவு ஆகிறது என்று சிவப்பு எண் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பேசியதில் எனக்குப் பேச்சே குறைந்துவிட்டது.

ஐயா குடும்பம் திருக்கடையூருக்கு வாடகைக்கு எடுத்த புதுக் கார்களில் போய் வந்தது. பிளசர் போர்ட்டிகோவிலேயே நின்றது. வந்த விருந்தாளிகளுக்கு அதைக் கிளப்பிக் காட்டினார்களாம். அதற்கு அடுத்த நாள் காலையில் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. தரையில் கறை, யாராவது வந்து தேய்த்துக் கொடுக்க வேண்டும் என்று. நம் தெருவில் யாரைக் கேட்பது என்று அந்த ஆள் நின்றுகொண்டிருந்தபோது அம்மா சாம்பலும் உமியும் அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினேன்.

"எதுக்கும்மா போற? இதுக்குத்தான அப்பா போனாரு?"

"போனவரு போயிட்டாரு. கறை இருக்குல்ல. அதப் பாக்குறப்பல்லாம் அவரு பேரத்தான சொல்லுவாங்க. ஒரு வண்டிய சரி பண்ணத் தெரியாதவன்னு."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"யாரு சொல்லப் போறா?"

போர்ட்டிகோவில் ஒருவரும் இல்லை. அம்மா முட்டி போட்டு உட்கார்ந்து தேய்த்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். சிவப்புத் தரை மெல்ல வெளியே வந்தது. ஈரத்தில் வண்டியின் அடிவயிறு தெரிந்தது. அங்கே, என்ஜினின் பின்பக்கத்தில், அடுத்த சொட்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அம்மாவைத் தொட்டுக் காட்டினேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வீட்டு வாசலை ஒரு முறை பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அது விழுவதற்குள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.